அடுக்களை வாசலில் பீரோ

வீட்டுச் சாமான்களை உரிமம் பெற்ற உள் அலங்காரக்காரர்கள் மட்டுமே நகர்த்தலாம் என்ற சட்டம் வேங்கைப்பட்டணத்தில் அமலுக்கு வந்த நேரத்தில், கோமளவல்லியின் புது மர பீரோ அடுக்களை வாசலில் இருந்தது. கடையிலிருந்து தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்குவதற்காக அதை அங்கே இறக்கியிருந்தார்கள். உச்சிவேளைச் சங்கு ஊதியது. சட்டம் பிறந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "அப்ப வர்றோம்மா" என்று கிளம்பிப் போனார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

பின்பலகையைக் கழற்றுவது நகர்த்துவதில் சேராது. அதனால் கோமளாவின் கணவர் தேசிங்கு அதைக் கழற்றி வைத்தார். அன்று முதல் அந்த வீட்டில் அடுக்களைக்குப் போகிறவர்கள் பீரோவைத் திறந்து, சேலைகளை விலக்கி, குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் வெளியேறினார்கள். சாம்பாரில் பாச்சை உருண்டை வாசனை வந்தது. சேலைகளில் தாளிப்பு வாசனை. கல்யாண வீடுகளில் கோமளா பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சீக்கிரமே பசித்தது.

ஊரில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று அப்படித்தான். முடிதிருத்தும் கடைக்காரர் கழுவுவதற்காக வெளியே எடுத்த சுழல் நாற்காலி நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பேருந்துகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. பிறகு கண்டக்டர்கள் அதை ஒரு நிறுத்தமாகவே சொல்லத் தொடங்கினார்கள். பாதிச் சவரத்தோடு பஸ் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் விடுவது ஊர் வழக்கமாயிற்று.

உரிமம் வாங்கிய ஒருவரைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். யாராவது வாங்கினால்தானே! தேர்வு வைப்பது ஓர் அறை. கடைவீதிக்குப் பின்னால், சாமான் எதுவும் இல்லாத, முசுட்டுக் குணம் பிடித்த அறை. தேர்வுக்கு வருகிறவர் ஒரு பிரம்பு நாற்காலியை எடுத்துவந்து அதற்குள் ஒரே ஒரு முறை வைக்கலாம். அறைக்குப் பிடித்தால் உரிமம். பிடிக்காவிட்டால் நாற்காலியையும் ஆளையும் சேர்த்து வாசல் வழியாகத் தெருவில் துப்பிவிடும். இதுவரை துப்பியதுதான் அதிகம் என்றுகூடச் சொல்ல முடியாது. துப்பியது மட்டும்தான்.

சட்டம் வருவதற்கு முன்னால் கோமளாவைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் ஒரு திரைச்சீலை வாங்கியதில்லை. வெறும் கூடத்தின் நடுவில் நின்று அவள் லேசாகத் தலையைச் சாய்த்தால் போதும், வீட்டுக்காரர்களுக்கே தங்கள் வீடு பிடித்துப்போகும். அந்த வேலை போனதில் அவளுக்கு உண்டான துக்கம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் தேர்வில் நாற்காலியை ஜன்னலோரம் வைத்தாள். துப்பியது. அடுத்த முறை வாஸ்து பார்த்துத் தென்மேற்கு மூலையில் வைத்தாள். இன்னும் தூரமாகத் துப்பியது. மூன்றாவது முறையும் தோற்றால் அப்புறம் எழுதவே முடியாது.

"தோத்தா என்ன, பீரோ எனக்குப் பழகிப்போச்சு" என்று தேசிங்கு ஆறுதல் சொன்னார்.

"எனக்குப் பழகலைங்க" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சை சாதத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு, சேலைகளை விலக்கி வெளியே வந்து, தேர்வுக்குப் போனாள்.

அறைக்குள் நுழைந்தாள். கை தன் பாட்டுக்கு நாற்காலியை வாசல்படியிலேயே வைத்தது. இத்தனை வருஷப் பழக்கம். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

அறை துப்புவதற்காக மூச்சை இழுத்தது. வாசல் அடைபட்டிருந்தது. நாற்காலியின் கைகள் கதவு நிலையில் கச்சிதமாகச் சிக்கியிருந்தன. இழுத்த மூச்சை அறை அப்படியே விட்டது.

"என்னம்மா இது, அங்க வச்சுட்டீங்க?" என்று கேட்டது அறை.

"எங்க வீட்ல வாசல்னா அதுல ஏதாவது இருக்கும்ங்க."

"எடுங்க. உங்களை வெளிய அனுப்பணும்."

"எப்படிங்க எடுக்கிறது? வச்சதுக்கப்புறம் தொட்டா குத்தம். எங்கிட்ட உரிமம் இல்லையே."

சாமர்த்தியத்துக்குச் சொல்லவில்லை. அவள் சட்டத்தை மதிக்கிறவள். அறை யோசித்தது. யோசிக்கும்போது அதன் கூரை கொஞ்சம் தாழும். வெளியே மற்ற தேர்வர்கள் வெயிலில் நின்று கனைத்தார்கள். நேரமாக ஆக, கோமளா தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ஒருவரை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா! காலையிலேர்ந்து வெறும் நாற்காலிதான்."

டப்பா மூடியில் இரண்டு கை சாதம் எடுத்து மூலையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மூடி காலியாயிற்று.

"பாச்சை உருண்டை போட்டிருக்கீங்க போல. நல்லாருக்கு" என்றது அறை. பிறகு பெருமூச்சு விட்டது. "எடுத்துத்தான் ஆகணும். எடுக்கணும்னா உரிமம் வேணும். வேற வழி தெரியலை." கூரையிலிருந்து ஒரு பித்தளை வில்லை அவள் மடியில் விழுந்தது.

கோமளா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அங்க எனக்குப் பிடிக்கலைன்னு முன்னாடியே..." என்று அறை இழுத்தது.

"கொஞ்ச நாள்ல பழகிடும்ங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலையே தேசிங்கு ஒரு பக்கம் பிடிக்க, உரிமம் பெற்றவள் முன்னால் நின்று, பீரோவைப் படுக்கையறைக்கு நகர்த்திக் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து வைத்தாள். அது ஏதோ கனமான ஒன்றை இழுத்துக்கொண்டு வருவதுபோல் மெதுவாக வந்தது. முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தாள். அடுக்களை வாசல் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தது. நல்ல வெளிச்சமான சுவர். அங்கே ஒன்றும் மாட்டக் கூடாது என்று உடனே முடிவு செய்தாள்.

களைப்பாகக் கட்டிலில் சாய்ந்தாள். தேசிங்கு பீரோவைத் திறந்து, சேலைகளை விலக்கி, குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. சுங்குடிச் சேலைக்கும் பட்டுச் சேலைக்கும் நடுவிலிருந்து அவர் கை மட்டும் காப்பியோடு வெளியே வந்தது.

"சர்க்கரை போதுமா பாரு" என்றார்.

படுத்த வாக்கிலேயே வாங்கிக் குடித்துப் பார்த்தாள். போதும் என்றாள்.