உள்மாவோடு ஒன்று

"எனக்குப் பன்றிக்கறி வச்சது. இவளுக்குக் கோழி, இவளோடதுல மட்டும் உள்மாவை வழிச்சு எடுத்துடு" என்றான் நேரியோ, விலைப்பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

வெனிசுவேலாவின் மராக்காய்போ நகரத்து இந்தக் கடையில் பதினெட்டு வருஷமாக ஞாயிறு காலைகளில் அவன்தான் சொல்வான். அரேப்பா என்ற தடித்த சோளரொட்டியைக் கீறி, உள்ளே வெந்திருக்கும் சோளமாவைக் கரண்டியால் வழித்துவிட்டு, மொறுமொறுப்பான ஓட்டுக்குள் கறியை அடைத்துத் தருவார்கள். எடைக்குப் பயந்தவர்கள் அப்படிக் கேட்பதுண்டு. அவன் மனைவி யஹாய்ரா ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த மாதம் நேரியோ சிரித்துக்கொண்டே அவளுக்காக ஒருமுறை அப்படிச் சொன்னான். நாளடைவில் அதுதான் தனக்குப் பிடிக்கும் என்று அவளே நம்பிவிட்டாள். வீட்டில் தினமும் மாவு பிசைவது அவள் கை. இன்று பிசையும்போது, அதன் நடுப்பகுதி நாக்கில் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அப்போதிருந்தே மனம் ஒரு நிலையில் இல்லை.

"மாரெல்வி, என்னுது வழிக்க வேண்டாம். முழுசா குடு."

பரிமாறும் மாரெல்வி காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். "நிஜமாவா தங்கம்?"

"பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாளுக்கு உனக்குத் தச்ச கவுன் இருக்கு" என்றான் நேரியோ. "ஜிப்பை கிரேன் வச்சா இழுக்கறது?"

"ஏறலன்னா தையக்காரி பிரிச்சு விடுவா. உன் சட்டைப் பொத்தானை யாரு காப்பாத்துவா?"

பக்கத்து மேசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

பச்சை அவகாடோ சாஸை எடுக்கத் திரும்பிய யஹாய்ராவுக்கு, பளபளத்த காகிதக்கைக்குட்டைப் பெட்டியில் நேரியோவின் விரல் பிரதிபலித்துத் தெரிந்தது. மாரெல்வியைப் பார்த்துக் காற்றில் ஒரு வட்டம் போட்டது. வழித்துவிடு.

யஹாய்ரா சாஸை எடுத்து மேசையில் வைத்தாள். தன் வார்த்தையா, அவன் விரலா, எது சமையலறை வரை போகிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

இரண்டு தட்டும் வந்தன. தன்னுடையதைப் பிளந்து பார்த்தாள். வெறும் ஓடு, கோழி.

"ஒரு வேளைதானே, சாப்பிடு" என்றான் நேரியோ.

ஒவ்வொரு வாரமும் ஒரு வேளைதான். சண்டை எதற்கு என்று கை பழக்கத்தில் தட்டை நோக்கி நகர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு அந்தத் தட்டைத் தூக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, அவனுடையதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏய், அது என்னுது."

"நீ கைகாட்டி வரவழைச்சது அதோ. சாப்பிடு."

மாரெல்வி ஓடிவந்தாள். "வேற போட்டுத் தரேன் தங்கம். அவரு சைகை காட்டினாரு, அதான்..."

"இனிமே எனக்கு வேணுங்கறதை என் வாயைப் பாத்து எழுதிக்கோ. அவன் விரலைப் பாக்காத."

இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். மாவு சூடாக, லேசான உப்போடு மேல்வாயில் ஒட்டியது. பன்றிக்கொழுப்பு மணிக்கட்டில் வழிந்தது, துடைக்கவில்லை.

நேரியோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓட்டைக் கடித்தான். நொறுங்கியது. நாலே கடியில் தட்டு காலி.

"தின்ன மாதிரியே இல்லையே" என்றான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் வாய் நிறைய மாவோடு. மாரெல்வி இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தாள்; யஹாய்ரா அவள் பக்கம் திரும்பினாள். "கோழி ஒண்ணு. முழுசா. எனக்குத்தான்."