வெள்ளிக்கிழமைக் கறை

வெள்ளிக்கிழமை தைக்கிற வெள்ளைச் சட்டைகளில் மட்டும் கறை வந்தது. இஸ்திரி போட்டதும் தோளில் மஞ்சளாகத் தெரியும். எல்லாமே முதல் இடத்தில் உட்காரும் ஐஜார்கின் தைத்தவை.

முதலாளி புருல்சா அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி, நூல், மெஷின் எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினாள். கறை போய்விட்டது என்று நிம்மதியானாள். வெள்ளியன்று திரும்ப வந்தது.

இன்றும் வெள்ளி. காலையிலேயே ஐஜார்கினிடம் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் வந்துச்சுன்னா, சாயங்காலம் சரக்கு வண்டியோட நீயும் கிளம்பு."

அடுத்த மெஷினில் இருந்த எனக்குக் கால் தானாக ஆடியது.

"உலுக்மான், கால ஆட்டாத. தையல் கோணுது" என்றாள் ஐஜார்கின்.

"உன் வேல போகப் போகுது. நீ என் கால பாக்குற."

"போச்சுன்னா பையனோட படிப்பு நின்னுடும். அதான் அவசரப்படல."

போன வெள்ளி நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம். அவள் மெஷினில் நான் தைத்ததில் கறை. இன்று என் மெஷினை அவள் இடத்துக்குத் தூக்கி வைத்தோம். அதிலும் கறை.

"நான் இல்ல. மெஷினும் இல்ல. மிச்சம் துணிதான்" என்றாள் ஐஜார்கின்.

வெட்டு மேஜையிலிருந்து வரும் துணிக் கட்டின் மேல்துண்டுகள் அவளுக்குத்தான் முதலில் வரும். தைக்காத ஒரு துண்டை எடுத்து இஸ்திரி போட்டாள். மஞ்சள்.

நான் எழுந்துவிட்டேன். "வெட்டுறவன்தான். போய் கேக்குறேன்."

"உக்காருடா. திங்கக்கிழமையும் அவன்தான் வெட்டுறான். வெள்ளிக்கிழம மட்டும் இங்க என்ன நடக்குது?"

எண்ணெய் வாசனை இருவர் மூக்கிலும் இருந்தது. வெள்ளிதோறும் செத்தவர்களுக்கு வாசனை போய்ச் சேர அக்கா எண்ணெயில் மாவு பொரிப்பாள். ஆளுக்கொரு துண்டு தருவாள். முகத்தைத் தடவி வேண்டிக்கொண்டு, புதுக் கட்டின் மேல் கை வைத்து, "நல்லா வித்துப் போகட்டும்" என்பாள். தொலைவில் பத்கெனிலிருந்து வேலைக்கு வந்த எனக்காக இந்த ஊரில் வேறு யாரும் எண்ணெய் காய்ச்சிப் பொரிப்பதில்லை. செத்துப்போன என் அப்பா பெயரையும் அந்தப் பொரித்த துண்டோடுதான் சொல்லிக்கொள்வேன். கறைக்குக் காரணம் அதுவாக இருக்கக் கூடாது என்றிருந்தது.

"இத அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவ?"

"சொல்ல மாட்டேன். செஞ்சு பாப்பேன்."

மறுபடியும் தட்டோடு வந்த அக்காவை ஐஜார்கின் மறித்து, வெட்டி வந்த புதுக் கட்டை நீட்டினாள். "இதுக்கும் வேண்டிக்கங்கக்கா." அக்கா கை வைத்தாள். ஐஜார்கின் மேல்துண்டை இஸ்திரி போட்டாள். நாலு விரல் தடம் மஞ்சளாக எழுந்தது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா தன் கையைப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்குப் பொரிச்சது."

"பொரிங்கக்கா. இப்ப சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து, அடுத்த கட்டுல கை வைங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சே. வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்."

"பாதிதான் தெரிஞ்சிருக்கு."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்து அடுத்த கட்டில் கை வைத்தாள். அந்தத் துண்டு வெள்ளையாகவே இருந்தது.

அக்கா அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு ஐஜார்கினைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்:

"என்ன நிக்கிற? அவ மெஷின அவ இடத்துல தூக்கி வை."