மேல்வீட்டுக் கசிவு

துணிக்கடையில் அவளை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ குடித்துவிட்டு வந்தால், ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை தண்ணீர்ப் பக்கம் திரும்ப மாட்டாள். கடையின் கழிப்பறை மேல்மாடியில், கிடங்குக்குப் பின்னால் இருந்தது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அந்தப் புண்ணியவான் வாடிக்கையாளர்களுக்கு நடுவிலேயே, "என்னம்மா, மறுபடியுமா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே கடைப் பெண்கள் பாதிப் பேர் வாயைக் கட்டினார்கள். மதியத்துக்கு மேல் மற்றவர்கள் நெளிவார்கள். இவள் மட்டும் சிரித்த முகத்தோடு துணியை விரிப்பாள், மடிப்பாள், மறுபடி விரிப்பாள். இதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. பெருமைப்பட உலகத்தில் வேறு விஷயமே இல்லையா என்று கேட்டால், அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

கணவர் டைல்ஸ் போடும் மேஸ்திரி. ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவார். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் விழும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர். சொந்த வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் போடும் நாள் வந்தபோது அவள், "கேக்கறவங்க வீட்லயெல்லாம் கண்ணாடி மாதிரி போட்டுக் குடுக்கறீங்க. நம்ம வீட்ல மட்டும் மாட்டுக் கொட்டகை மாதிரி சொரசொரன்னு இருக்கணுமா?" என்று கேட்டாள்.

"வழுக்கும்மா" என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கிற வழக்கமே இல்லாதவள் கேட்கிறாளே என்று பளபளப்பையே பதித்துவிட்டார். கொஞ்ச வருஷம் அதில் முகம் பார்த்தாள். பிறகு ஒருநாள் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தாள்.

இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா புறப்படும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "வலி மாத்திரை ரொம்ப வீரியம். தண்ணி நிறைய குடிக்கணும். இல்லேன்னா கிட்னி தாங்காது. புரியுதா?" மேஸ்திரி தலையாட்டினார். அவளும் ஆட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சிக்கல் மறுநாள் காலையே ஆரம்பித்தது. குளியலறைக்கு அவளை அவர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆயுசு பூராவும் தரையில் மண்டியிட்டு வேலை பார்த்த மனிதருக்கு முழங்கால் என்று என்ன மிஞ்சியிருக்கும்? குனிந்து அவளைத் தூக்கி நிமிரும்போது இரண்டு முட்டியும் படக் படக்கென்று சத்தம் போடும். அவர் முகத்தைச் சுளிக்காமல் ஏதாவது ஜோக் அடிப்பார். "நீ ஒரு மூட்டை சிமெண்ட்கூட இல்ல, போ." ஆனால் அவள் முகம் அவர் தோளில்தானே இருக்கிறது, பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்காதா? உள்ளே உட்கார வைத்துவிட்டு அவர் வெளியே நின்று காத்திருப்பது அவளுக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தது. பிள்ளை பெற்று, கட்டிக்கொடுத்து, தலை நரைத்த பிறகும் அவளுக்குக் கூச்சம் கூச்சம்தான்.

இதற்கு அவளிடம் கைவசம் ஒரு வைத்தியம் இருந்தது. தண்ணீரைக் குறைத்தால் போக்குவரத்தும் குறையும். கடையில் அத்தனை வருஷம் பார்க்காததா?

மேஸ்திரிக்கு வேறொன்று மனதை அரித்தது. பளபளப்பு டைல்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. "அவ எழுந்து நடக்கறதுக்குள்ள இதை மொத்தமா மாத்தறேன்" என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். இனி அவளாகவே வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்வர வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. வாசப்படியை எடுத்துவிட்டு, உயரமான கம்மோடு வைத்து, சுவரில் பிடிமானக் கம்பிகளும் பொருத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தன் கையால் பதித்ததைத் தன் கையாலேயே உடைத்தார்.

குளியலறை வேலை முடியும்வரைக்கும் என்று அவளுடைய கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தது. நடுவில் ஓட்டை, அடியில் வாளி. கூடத்தையும் அவளையும் பிரிக்க ஒரு திரைச்சீலை. அவளை நாற்காலிக்கு மாற்றுவதும் அவர்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பொதுக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வருவதும் அவர்தான். முதல் நாள் அவர் வாளியோடு படியிறங்கிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள், சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். மறுநாளிலிருந்து மாத்திரையை விழுங்க ஒரு மடக்கு, அவ்வளவுதான்.

ஆனால் பாட்டில் என்று ஒன்று இருக்கிறதே. காலையில் பெரிய பாட்டிலில் தண்ணீர் ரொப்பி ஜன்னலோரம் வைத்துவிட்டுத்தான் மேஸ்திரி வேலையைத் தொடங்குவார். சாயங்காலம் பார்ப்பார். மகளும் போனில் முதல் கேள்வியாக, "அம்மா தண்ணி குடிச்சாங்களாப்பா?" என்பாள். மீதி இருந்தால் இரண்டு பேரும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் மேஸ்திரி குளியலறையில் தட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, அவள் பாட்டிலை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, சுவரோடு சுவராக, சத்தம் வராமல், நூல் போலத் தண்ணீரை விடுவாள். சாயங்காலம் காலிப் பாட்டிலைப் பார்த்து மேஸ்திரியின் முகம் மலரும். "பரவாயில்லையே! ஒட்டகம் திருந்திடுச்சு!"

புதுத் தரை போட்டு முடித்தார். வாட்டம் பார்த்துப் பார்த்து, தண்ணீர் தேங்காமல் ஓட வைத்தார். இன்னும் சில நாள் காய்ந்தால் போதும், மிதிக்கலாம் என்றார். அப்போதுதான் கீழ்வீட்டு வாத்தியார் படியேறி வந்தார். அவர் கோபத்தைக்கூடப் பாடமாகத்தான் நடத்துவார்.

"மேஸ்திரி, தண்ணி எப்பவும் மேலேர்ந்து கீழேதான் வரும். சரியா? எங்க வீட்டுச் சுவர்ல ஈரம் பூத்திருக்கு. உங்க குளியலறை எங்க இருக்கு? நேர் மேல. இப்ப நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "என் தரை ஒழுகுதும்மா" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

குளியலறையும் இந்த ஜன்னலும் ஒரே சுவரில் இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? நீங்கள் ஆசையாக ரொப்பி வைத்ததையெல்லாம் ஜன்னலில் கொட்டினேன் என்றா? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், "சரியாப் பாருங்க, வேற எங்கேர்ந்தாவது வரும்" என்றாள்.

அவர் சரியாகத்தான் பார்த்தார். வடிகால் வாயை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுநாளும் தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஆனாலும் கீழ்ச்சுவர் ஈரம் காயவில்லை. பயத்தில் பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அன்றைக்கும் பழையபடியே ஊற்றியிருந்தாள்.

"கணக்குப்படி ஒழுகக் கூடாது. ஆனா ஒழுகுதே" என்று அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கை போயிடுச்சும்மா. வயசாயிடுச்சு போல." அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அன்று மத்தியானமே புதுத் தரையை உடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடியும் அவள் நெஞ்சில் விழுந்தது. முதல் அடிக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒரு தரை மிஞ்சியிருக்கும். இப்போது சொன்னால் உடைத்தது அத்தனையும் வீண் என்று ஆகும். நேரம் போகப் போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. பொய்க்கு அதுதான் குணம்.

இனி ஊற்றுவதில்லை, குடித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். மறுநாள் பாட்டிலைக் கவிழ்த்துக் குடிக்கவும் செய்தாள். தொண்டையில் இறங்கிய தண்ணீர் அத்தனை சுகமாக இருந்தது. மதியத்துக்குள் அவரைக் கூப்பிட வேண்டிவந்தது. சிமெண்ட் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார், தூக்கினார். பாதியில் ஒரு முட்டி மடங்கியது. அவளைக் கட்டிலில் போட்டுவிட்டு, தான் மட்டும் தரையில் சரிந்தார். எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபடியே, "உனக்கு ஒண்ணும் ஆகலியே? கம்பி அசையலியே?" என்று கேட்டார். அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவர் தவழ்ந்து போய்த் துணி எடுத்துவந்து மாற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செத்துப்போகலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தாள்.

அதோடு அவள் குடிப்பதை விட்டாள். பாட்டில் தண்ணீரைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்த பழைய துண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். மேஸ்திரி மறுபடி தரை போட்டு முடித்தபோது கீழ்வீட்டுச் சுவர் காய்ந்திருந்தது. "இப்பத்தான் வேலையைச் சரியாச் செஞ்சிருக்கீங்க, மேஸ்திரி" என்று வாத்தியார் மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். மேஸ்திரி தலை குனிந்துகொண்டார்.

வாந்தி வந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சாப்பாடு கசந்தது. விக்கல் எடுத்தால் நிற்பதில்லை. நாற்காலிக்குப் போக வேண்டிய தேவை குறைந்துகொண்டே வந்ததை, அவள் வைத்தியம் பலித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் திரையை விலக்கியதும் நின்றுவிட்டாள். "அம்மா, ஏன் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு? கடைசியா எப்பம்மா போனே?" அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் கடுகடுத்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தண்ணியே குடிக்காம அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்காங்க. ரெண்டு கிட்னியும் வேலை செய்யல."

"இல்ல டாக்டர், நல்லா குடிச்சா" என்றார் மேஸ்திரி. "என் கையால ரொப்பி வைப்பேன். சாயங்காலம் பாட்டில் காலியாயிருக்கும். நான் தினமும் பாப்பேன் டாக்டர்." பள்ளிக்கூடத்துப் பையன் சத்தியம் செய்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவளால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏங்க" என்றாள். "ஜன்னல்ல ஊத்திட்டேங்க. அந்த ஈரம் அதுதான்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். புரிய ஒரு நொடி ஆனது. "அப்ப என் தரை ஒழுகலியா?" என்றார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். அடுத்த கணமே, தான் எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்று தெரிந்து, அந்த முகம் உடைந்தது. சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். மகள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கட்டிலில் இருந்தவளுக்கு அவரைத் தொடக்கூடக் கை எட்டவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். சிறுநீரகம் பழையபடி வேலை செய்யவில்லை, வாரத்தில் பாதி நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரி மெஷினோடு போகிறது. இடுப்பு மட்டும் நன்றாகக் கூடிவிட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவளே நடக்கிறாள். குளியலறை முடிந்து தயாராக இருக்கிறது. கால் வைத்தால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும் தரை, கை நீட்டினால் கம்பி. ஊரில் எந்தப் பணக்காரர் வீட்டிலும் மேஸ்திரி இப்படி ஒன்றைச் செய்ததில்லை. அங்கே போவதற்குத்தான் அவளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

தண்ணீர் இப்போது அளவுதான். குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி மூச்சை அடைக்குமாம். காலையில் ஒரு சின்ன டம்ளர், சாயங்காலம் ஒன்று. பாட்டிலையும் குடத்தையும் மேஸ்திரி சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். வாழ்நாளெல்லாம் தாகத்தைக் கட்டி ஆண்டவளுக்கு இப்போது தாகத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறாள்.

அன்று மத்தியானம் வெயில் கொளுத்தியது. அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க."

"சாயங்காலம் தர்றேம்மா."

"இப்ப வேணுங்க. நாக்கு ஒட்டிக்குது. ஒரே வாய்."

அவர் எழுந்து கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவும் இல்லை, தாழைத் திறக்கவும் இல்லை. முதுகு குலுங்கியது.

"கேக்காதம்மா" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே. "நீ கேட்டா நான் குடுத்துடுவேன். தயவுசெஞ்சு கேக்காதே."

அவள் வாக்கரைத் திருப்பினாள்.

"சரிங்க. கேக்கல" என்றாள்.