குளிசை போடாத வயிறு

பிறந்ததிலிருந்து மருந்தென்று ஒரு குளிசைகூடப் போடாத வயிறு என்று சிவகுருநாதன் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கக் கூடாது. அந்தப் பெருமைதான் இன்றைக்கு ஐஸ் பெட்டியாக அவர் கையில் கனத்தது.

தோப்பூர் வயலில் விளையும் அவருடைய அரிசியில் ஆசனிக் நஞ்சு இருக்கிறதென்று யாரோ கதை கட்டிவிட, கோயில் தர்மகர்த்தா கனகரத்தினம் இந்த வருடப் பொங்கலுக்கு அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சிவகுருநாதனின் பாட்டன் காலத்திலிருந்து படைத்துவந்த அரிசி. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மகள் கமலேஸ்வரியிடம், "சோதிச்சு ஒரு கடுதாசி தா பிள்ளை. அந்தாளின்ர முகத்தில எறியிறன்" என்றார்.

"சோதிச்சாச்சு அப்பா. கொஞ்சம் இருக்குது. ஆனா இருக்கிறதெல்லாம் உடம்பில சேராது. சமிபாட்டில எவ்வளவு கரையுது, குடலுக்குள்ள இருக்கிற கிருமியள் அதை என்னவா மாத்துது எண்டும் பாக்கவேணும். சில கிருமியள் கெடுதலைக் கூட்டியும் விடும். போத்தலுக்குள்ள ஒரு வயிறு மாதிரிச் செய்யிறம். அதுக்குக் கிருமி வேணும்."

"கிருமிக்கு நான் எங்க போக?"

"எங்கயும் போகவேண்டாம். மருந்தே குடிக்காம, எங்கட அரிசியையே சாப்பிடுற ஆள் நீங்கள்தான்." அவள் ஒரு வெள்ளைப் போத்தலை அவர் முன்னால் வைத்தாள்.

பரம்பரை மானத்தை இப்படியா காப்பாற்றுவது என்று அவர் இரண்டு நாள் குமுறினார். மூன்றாம் நாள் வயிறு வழிக்கு வந்தபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள். கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, போத்தலை ஐஸ் பெட்டிக்குள் வைத்துத் தானே கிளம்பினார்.

வழியில் இராணுவச் சோதனைச்சாவடி வரிசையில் அவருக்குப் பின்னால் வந்து நின்றது, வேறு யார், கனகரத்தினம்தான்.

"பெட்டி திறக்க. உள்ள என்ன?" என்றான் சிப்பாய், அரைகுறைத் தமிழில்.

"ஆய்வுகூடத்துக்குப் போற சாமான்."

"என்ன சாமான்?"

சிவகுருநாதன் முதுகை நிமிர்த்தினார். "என்ர மலம்."

சிப்பாய்க்கு விளங்கவில்லை. சிங்களம் தெரிந்த கனகரத்தினம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. சிப்பாய் இரண்டடி பின்வாங்கி, இருவரையும் போகச் சொல்லிக் கையசைத்தான்.

"எதுக்கண்ணை இது?" கனகரத்தினம் கூடவே நடந்தார்.

"என்ர அரிசி உங்கட கோயிலுக்கு ஆகுமோ எண்டு பாக்க."

கனகரத்தினம் பெட்டியை ஒருதரம் பார்த்தார். "இவ்வளவு தூரம் வருவீங்கள் எண்டு நினைக்கேல்லை. விடுங்கோ. பொங்கலுக்கு அரிசியை அனுப்புங்கோ."

"ஏலாது. முடிவு வரட்டும். கெடுதல் எண்டு வந்தா, நீங்கள் வந்து கேட்டாலும் தரமாட்டன்." பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். "வழியை விடுங்கோ, ஐஸ் கரையுது."