நூற்றுப் பத்தில் அரை நிமிஷம்

எனக்குப் பொறுமை கிடையாது. பிறவிக் குணம், அதற்கு நான் என்ன செய்ய? மாமியார் கதீஜம்மாள் அதைத் தினம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டிவிடுவார்.

எழுபத்தொன்பதில், சவுதியில் தமாமில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஒரு டேப்ரெக்கார்டரும் கேசட்டும் கொடுத்தனுப்பினார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஊருக்கு வருகிறாரா இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விவரமெல்லாம் கேசட்டில் பேசியிருப்பதாக மட்டும் எழுதியிருந்தார். இரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இது போதுமா?

கொண்டுவந்தவர் சொல்லித்தான் போனார். அங்கே கரண்டு நூற்றுப் பத்து வோல்ட் பக்கம், இங்கே இருநூற்றிருபது. பெட்டியின் பின்னால் வோல்ட்டை மாற்றும் திருகு இருநூற்றிருபதில் இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம் என்றார்.

பிளக்கைச் சொருகிப் பட்டனை அமுக்கினேன். பேச்சா அது? கிணற்றுக்குள் மாடு கத்துவதுபோல் இழுத்தது. ஒரு சொல் விளங்கவில்லை. எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அவை ஓடும்வரை கரண்டு குறைந்து, வீட்டுப் பல்பில் கம்பி மட்டும்தான் சிவப்பாகத் தெரியும். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்துவார்கள், அப்புறம் கேட்கலாம் என்றார் மாமியார். நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

இருநூற்றிருபதெல்லாம் மதராசுக்குச் சரி. சங்கரன்கோவிலில் யார் அதைக் கண்டது? ஐந்து பைசாவைத் திருகின் பள்ளத்தில் வைத்து, நூற்றுப் பத்துக்குத் திருப்பிவிட்டேன்.

குரல் தெளிவாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருந்தது.

"ரசீதா, நல்லா இருக்கியா? ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படாத."

நான் பெருமையோடு மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தறிச் சத்தம் அடங்கியது. பல்பு பளீரென்று வெளுத்தது. பெட்டிக்குள் பொசுங்கல் வாடை. பிளக்கைப் பிடுங்குவதற்குள் புகை வந்துவிட்டது.

கேசட்டை உருவிக்கொண்டு அடுத்த தெரு மீரா பீவி வீட்டுக்கு ஓடினேன். அவளிடம் பேட்டரி செல் போட்டு ஓடும் பெட்டி இருந்தது.

"கோவப்படாத. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அதுக்குத்தான் இந்தப் பெட்டிய அனுப்புதேன். என் நெனப்பு வந்தா போட்டுக் கேட்டுக்க."

மறுபடி போடவா என்று மீரா பீவி கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டுக்குள் நுழையும்போது தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. மாமியார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாரானா?"

"அவிய வர இன்னும் ரெண்டு வருசம் ஆவும் மாமி. அவியளுக்குப் பதிலா வந்தத நான் கருக்கிட்டேன்."