மெதுவாக வரும் மழை

பெரியவளுக்குத் தான் செய்த விளையாட்டின் மேல் அப்படியொரு பாசம். மழை வருகிறது, கொடியில் காயும் துணிகளை நனைவதற்குள் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். போனில் எதையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம், பிரவுசரில் லிங்கைத் தட்டினால் போதும். தட்டுகிறார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள்.

அந்த லிங்கை ஊரார் கையிலெல்லாம் திணிப்பது சின்னவளின் பொறுப்பு. தங்கை என்றால் அப்படியொரு தங்கை. குடியிருப்பில் தண்ணீர் வராததைப் பேசும் குழுவில்கூட அக்காவின் விளையாட்டைப் போட்டு, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவள். அதற்கெல்லாம் அவள் அசருகிற ஆளில்லை.

விளையாட்டுகளைத் திரட்டிப் போடும் ஒரு பெரிய தளம் கடைசியில் மனமிரங்கியது. திறப்பவர்களில் பாதிப்பேராவது ஒரு நிமிஷம் தங்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அது நடந்தால் முதல் பக்கத்தில் இடம் என்றது. நடக்காவிட்டால், விளையாட்டுக்காக விட்டுவந்த பழைய ஆபீஸுக்கே திங்கட்கிழமை திரும்புவதாகப் பெரியவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலிக்குத் திரும்ப அவளுக்குத் துளியும் ஆசையில்லை.

செவ்வாய்க்கிழமை வாய்ச்சண்டை முற்றியது.

"உன் விளம்பரம்தான் சரியில்ல. கேமே ஆடாதவங்களாப் பார்த்துக் கூட்டிட்டு வர்ற."

"கூட்டிட்டு வர்றது என் வேலை. உக்கார வைக்கிறது உன் வேலைக்கா."

அந்த நேரம் பார்த்துச் சின்னவளின் போன் சார்ஜ் ஏற மாட்டேனென்று அடம்பிடித்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே இருவரும் தெருமுனை ரிப்பேர் கடைக்குப் போனார்கள். அங்கே போயும் சின்னவளின் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, எங்கக்கா பண்ண கேம். ஒரு தடவ திறந்து பாருங்களேன்."

கடைக்காரர் நல்ல மனுஷர். தன் பழைய போனில் திறந்தார். வெள்ளைப் பட்டை ஒன்று ஊர ஆரம்பித்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, சின்னவளின் போனில் சார்ஜர் துளைக்குள் அடைந்திருந்த பஞ்சை ஊசியால் நோண்டி எடுத்து, ஊதி, சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்தார். பட்டை பாதிகூட வந்திருக்கவில்லை.

"இந்த கேம்ல என்னம்மா பண்ணணும்?" என்று நிஜமாகவே கேட்டார். "காத்துட்டு இருக்கணுமா?"

பெரியவளுக்குச் சுரீரென்றது. அவள் கணினியில் விளையாட்டு கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஏன் வராது? நாளெல்லாம் திறந்து திறந்து பார்த்ததில் பிரவுசர் எல்லாவற்றையும் தனக்குள் சேமித்து வைத்திருந்தது. புதிதாக வருகிறவரின் அவஸ்தையை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தன்னையே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சேமிப்பைத் துடைத்துவிட்டுத் திறந்ததும் வண்டவாளம் தெரிந்தது. விளையாட்டைக் கட்ட உதவிய எஞ்சின் என்ற மென்பொருள், தேவையே இல்லாத முப்பரிமாணச் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தது. அவற்றை ஈவிரக்கமில்லாமல் வெட்டினாள். வெட்ட மனம் வராதது ஒன்றுதான்: மழை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவளே பதிவு செய்த சத்தம், அவளே வரைந்த மேகங்கள். இருப்பதிலேயே கனமானதும் அதுதான்.

"மழையத் தூக்கிடுக்கா."

"மழை இல்லாம என்னடி ஆட்டம்?"

"அப்ப அது வர்ற வரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க? நாம வீட்ல என்ன பண்ணுவோம், மழை வர்றதுக்கு முன்னாடி?"

"துணி காயப்போடுவோம்," என்று எரிச்சலோடு சொன்ன பெரியவள், மறு நொடியே கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. இப்போது லிங்கைத் தட்டியதும் வருவது வெறும் கொடியும் ஒரு கூடை ஈரத்துணியும்தான். எந்த ஓட்டைப் போனிலும் சட்டென்று வந்துவிடும். ஆடுகிறவர் துணிகளை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருக்க, மழையின் சத்தமும் மேகங்களும் பின்னால் நெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். முழுதாக இறங்கியதும் வானம் இருட்டும், துணிகளை எடுக்கும் ஓட்டம் தொடங்கும். அதற்குள் எவ்வளவு துணி காய்ந்ததோ அவ்வளவு புள்ளி. திரையைத் தொடும்வரை மழைச் சத்தத்தை ஒலிக்கவிடாத பிரவுசரின் கெடுபிடியும் ஒழிந்தது. தொடாமல் யாரால் துணி காயப்போட முடியும்?

வெள்ளிக்கிழமை மாலை தளத்திலிருந்து பதில் வந்தது. முதல் பக்கம். சின்னவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். பெரியவள் பழைய ஆபீஸுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

மறுநாள் விளையாட்டின் கீழே கருத்துகள் குவிந்தன. அதில் ஒன்றைச் சின்னவள் உரக்கப் படித்தாள்.

"எங்க ஏரியாவுல நெட் ரொம்ப மோசம். எந்த கேமும் ஒழுங்கா ஓடாது. இதுல மட்டும் எனக்கு மழை லேட்டா வருது, துணியெல்லாம் காஞ்சிடுது. வாழ்க்கையில முதல் தடவையா எங்கண்ணன ஜெயிச்சேன்."

படித்துவிட்டு அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அக்கா, இது தப்புதானே? நெட் மெதுவா இருந்தா ஜெயிக்கலாம்னா, சரி பண்ணணும்ல?"

பெரியவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"தப்புதான். ஆனா இருக்கட்டும்டி. அவங்களுக்கு மழை கொஞ்சம் லேட்டாவே வரட்டும்."