ஹேமாவதியின் துடைப்பம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் கற்பனையில் உதித்த கதை அல்ல. கிழக்குத் தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹேமாவதி சொன்னது. நல்ல கதை கிடைத்தால் விடுகிற ஆள் நானில்லை.

2

‘பிரஸ் மெஷின் ஓலமிட்ட அந்தக் காலையில்…’

வேண்டாம். மெஷின் ஓலமெல்லாம் இடாது, ஓடும். கார் கதவுக்குத் தகடு அழுத்தும் அந்த மெஷினைப் பல வருஷமாக ஓட்டுபவர் ஹேமாவதி, ஒப்பந்தத் தொழிலாளி. அவ்வப்போது கான்ட்ராக்டரின் பெயர் மாறும். புது அடையாள அட்டை வரும். அதன்படி அவர் மறுபடியும் புது ஆள்.

(உற்பத்தி வேலையில் ஒப்பந்த ஆட்களை வைக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. பெருக்கித் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.)

3

கம்பெனியில் ஆயுத பூஜை. சந்தனம் காய்வதற்குள் தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்டில் நிற்பதாகத் தகவல் வந்தது. சூப்பர்வைசர் கதிரேசன் ஓடிவந்து ஹேமாவதியின் கையில் துடைப்பத்தைத் திணித்தார்.

“அக்கா, கேட்டா ஹவுஸ்கீப்பிங்னு சொல்லு. ஒரு மணி நேரம்தான்.”

மெஷின் முன்னால் நிரந்தரத் தொழிலாளி தாவீதை நிறுத்தினார். அங்கே அவரவர் மெஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பது வழக்கம். அவசரத்தில் கதிரேசனுக்கு அது மறந்துபோயிற்று. (கதிரேசனை முட்டாளாக்கிவிட்டேனோ? இல்லை, பயந்தால் நானும் இப்படித்தான்.)

ஆய்வாளர் மெஷினின் குங்குமத்தைப் பார்த்தார். தாவீதின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

“பொட்டு நீங்க வெச்சதா?”

(தாவீது பொரிகடலை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்வார்.)

“நான் இல்ல சார்.”

ஆய்வாளர் திரும்பினார். ஹேமாவதியின் விரல்களில் குங்குமம். துடைப்பத்தின் பிடியிலும்.

“நீங்க இங்க என்ன வேலைம்மா பாக்கறீங்க?”

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார், நிரந்தரமாகிறார். அடித்துவிட்டேன். மறுநாள் அவரைக் கேட்டுக்குள் விடாமல் போனால்? என் வேலை போகாதபோது அடுத்தவரை வீரராக்குவது சுலபம்.

முடிவு இரண்டு: “பெருக்கறேன் சார்” என்கிறார். அந்த மெஷின் என்றைக்கும் அவருடையதாகாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. இதையும் அடித்தேன்.

முடிவு மூன்று: தாவீது முன்னால் வந்து…

சினிமா.

5

ஆட்டோவிலேயே கேட்டேன்: “நீங்க என்ன சொன்னீங்க?”

“இவ்ளோ கேட்டுகினு வந்தியே சார், நீயா இருந்தா இன்னா சொல்லியிருப்ப?”

கேம்ப் ரோடு வந்தது. இறங்கிப் போய்விட்டார்.

என் பக்கத்துச் சீட் இப்போது காலி. உட்காருங்கள். ஆய்வாளர் பதிலுக்குக் காத்திருக்கிறார். இந்தாருங்கள் துடைப்பம். பிடியில் குங்குமம் இன்னும் காயவில்லை, உங்கள் கையிலும் ஒட்டும்.